நான்கு வாரம் மால்டாவா, ஒரு வருடம் மஞ்சக்குப்பமா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிடும். மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு யாராவது ஒருவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுவார். இந்த ஆண்டு வந்தவர் வணிகவியல் துறை மேடம். கைபேசியில் ஒரு விளம்பரத்தை நீட்டினார். நீலக் கடல், தேன் நிறக் கல் கட்டடங்கள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் பல நாட்டு மாணவர்கள். "மால்டாவில் நான்கு வாரம் ஆங்கிலப் பயிற்சி சார். எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆகும்போல் தெரிகிறது. போகலாமா?"

நான் கடலூரில் குடியிருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஆங்கிலம் கற்பிப்பவன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் யாரும் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. பள்ளி வரை தமிழ் வழியில் படித்து, பிறகு முட்டி மோதி ஆய்வேட்டையே ஆங்கிலத்தில் எழுதி முடித்தவர்கள். கருத்தரங்கில் கட்டுரையைத் தடங்கல் இல்லாமல் படித்துவிடுவார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும்போதுதான் நெற்றி வியர்க்கும். கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடமிருந்து கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அன்றிலிருந்து எங்கள் ஊருக்கு ஆங்கிலம் பழக்கம். இருந்தும் கேள்வி நேரம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மேடத்துக்கு அன்று அரை மணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடம் ஒன்றைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அன்று இரவே தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கொடுமையான அனுபவம்தான், ஆனால் செலவில்லாதது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் அப்படிக் கேட்டுவிட்டு என்னையும் கேட்க வைத்தார். இலக்கணத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை. 'டிட்டர்மின்' என்று முடிய வேண்டிய சொல் ஒவ்வொரு முறையும் 'டிட்டர்மைன்' என்றே வந்தது. 'எவ்ரி' என்பது 'யெவ்ரி' ஆகியிருந்தது. அதைவிட முக்கியமானது அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் ஆங்கிலேயர் முதல் அசையை அழுத்துவார்கள். அதே சொல் புகைப்படக் கலையைக் குறிக்கும் 'ஃபோட்டோகிராஃபி' ஆகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். தமிழில் இப்படித் தாவும் அழுத்தம் கிடையாது. நாம் எல்லா அசைகளையும் சமமாக, வரிசையில் நிற்க வைத்தாற்போல் சொல்கிறோம். நம் மாணவர்களுக்குப் புரிகிறது, வெளிநாட்டுத் தேர்வாளருக்குப் புரிவதில்லை.

உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று அந்தப் பதிவு காட்டிவிடும். வகுப்பில் தொடர்ந்து பேசுவதிலா, எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்வதிலா, கட்டுரை எழுதுவதிலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கட்டுரை எழுதுவதுதான் உங்கள் சிக்கல் என்றால் விமான டிக்கெட்டை மறந்துவிடலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் சோதியுங்கள். உங்கள் பேச்சை ஒருவர் கேட்டுத் திருத்தும் நேரம் மொத்தம் எவ்வளவு? மறைமுகச் செலவையும் சேர்த்து எவ்வளவு ரூபாய்? விடுப்பும் அனுமதியும் கிடைக்குமா? கற்றுத்தருவது உங்கள் வகுப்பறைக்கு உதவுமா, காபி வாங்குவதற்கு மட்டும் உதவுமா? ஆறு மாதம் கழித்து என்ன மிஞ்சும்?

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல்தான் இன்று எங்கும் பேசப்படுகிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அதன்படி கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் மதிப்பீட்டில், பி1 படியை எட்ட ஏறக்குறைய 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி வேண்டும், பி2-வுக்கு 500 முதல் 600, சி1-க்கு 700 முதல் 800. அதாவது ஒரு படி ஏற இருநூறு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெளிநாட்டில் தீவிரப் பயிற்சி

நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று நாடுகளைப் பற்றி: பிரிட்டன், அயர்லாந்து, மால்டா. மால்டா 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சின்னத் தீவு. மால்டிய மொழியோடு ஆங்கிலமும் அங்கே ஆட்சி மொழி. மூன்றில் செலவு குறைவு என்று பெயர் எடுத்ததும் அதுதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா. பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஆறு மாதம் வரை படிப்பதற்குச் சாதாரண வருகையாளர் விசாவே போதும். அதற்கு மேல் பதினொரு மாதம் வரை என்றால்தான் ஆங்கிலம் படிப்பதற்கென்றே உள்ள குறுகிய காலப் படிப்பு விசா.

விளம்பரத்தில் 'வாரம் 30 பாடங்கள்' என்று போட்டிருக்கும். ஒரு பாடம் பெரும்பாலும் 45 நிமிடம். ஆக வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி, நான்கு வாரத்துக்கு 90 மணி. மேலே சொன்ன கணக்கில் இது அரைப் படி. '20 பாடங்கள்' என்றால் இன்னும் குறைவு, 60 மணிதான். வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால், 90 மணி நேரத்தில் ஆசிரியர் உங்கள் வாயைப் பார்த்துக் கேட்டுத் திருத்துவது அதிகபட்சம் ஏழரை மணி நேரம். மீதி நேரம் பக்கத்தில் உள்ள துருக்கியரோடும் கொலம்பியரோடும் ஜோடியாகப் பேசுவீர்கள். அதில் கூச்சம் போகும், பிழை போகாது.

பிறகு ஏன் போக வேண்டும்? வகுப்புக்கு வெளியே நடப்பதற்காக. அதே இயற்பியல் நண்பர் மால்டாவுக்குப் போய் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கினார். காலையில் ரொட்டியைச் சுட்டுக்கொண்டே அந்த அம்மாள் அடுப்பைப் பார்த்துப் பேசுவாராம், இவரைப் பார்த்து இல்லை. உதட்டசைவு தெரியாது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். முதல் வாரம் முழுவதும் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டியிருக்கிறார். ஒருநாள் மாலை வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி எங்கே இருக்கும் என்று காலையில் சொன்னதற்கும் அதே 'யெஸ்' போட்டிருக்கிறார். படிக்கட்டில் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகுதான் 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று வெட்கமில்லாமல் கேட்கத் தொடங்கினேன் என்றார். ஊருக்குத் திரும்பி வந்து ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினார். முன்பு எழுதியதைவிடக் கேட்டல் பகுதியில் ஒரு மதிப்பெண் ஏறியிருந்தது. எழுத்துப் பகுதி அரைப் புள்ளிகூட நகரவில்லை.

இப்போது மறைமுகச் செலவு. பட்டியல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக் கட்டணம், புத்தகக் கட்டணம், தங்குமிடம் பார்த்துத் தரும் கட்டணம் ஆகியவை பாடக் கட்டணத்தில் அடங்காமல் தனியாக வரும். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, கூடவே குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கில், மால்டாவில் நான்கு வாரம் விமானத்தோடு மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. பிரிட்டன் என்றால் நான்கு, நான்கரை. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வந்து இறங்குவார்கள். தங்கும் கட்டணம் ஏறும், வகுப்பில் உங்கள் பக்கத்தில் பதினெட்டு வயதுப் பையன் உட்கார்ந்திருப்பான். மே மாதம்தான் நல்ல காலம்.

ஆனால் மே மாதத்தில் நமக்கு விடைத்தாள் திருத்தும் பணி இருக்கிறது. அந்த வருமானமும் போகும், வர முடியாது என்று கடிதம் எழுதி முகம் சுளிப்பையும் வாங்க வேண்டும். மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு தொடங்கினால் துறையில் ஆள் வேண்டும் என்று முதல்வர் கூப்பிடுவார். அரசுக் கல்லூரி என்றால் சொந்தச் செலவில் போவதற்கும் முன் அனுமதி, தடையின்மைச் சான்று வேண்டும். கடலூர்க்காரருக்குத் தமிழ்நாட்டு விதிகள், புதுச்சேரிக்காரருக்கு யூனியன் பிரதேசத்து விதிகள். ஆனால் கோப்பு நகரும் வேகத்தில் இரண்டு அரசுகளுக்கும் வேறுபாடு எதையும் நான் பார்த்ததில்லை. பிப்ரவரியில் யோசித்து மே மாதம் கிளம்புவது அநேகமாக நடக்காது. டிசம்பரிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு இன்னொரு தடை: நிரந்தர வேலை இல்லாதவர் திரும்பி வருவார் என்று விசா அதிகாரி எளிதில் நம்புவதில்லை. மறுத்துவிட்டால் விசாக் கட்டணம் போனதுதான். பள்ளிக்குக் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சான்றிதழைப் பதவி உயர்வுக்கு வேண்டிய புத்தொளிப் பயிற்சியாக எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொண்டும் பணம் கட்டாதீர்கள்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் சித்தி வீடு இருக்கிறது, தங்கும் செலவு மிச்சம் என்று ஒருவர் போனார். நான்கு வாரமும் இட்லி, சாம்பார், தொலைக்காட்சித் தொடர். கேட்டால், தமிழ் நன்றாக முன்னேறியது என்று சிரிப்பார்.

போவதென்றே முடிவு செய்தவர்களுக்கு ஒரு யோசனை. பொது ஆங்கில வகுப்பில் சேராதீர்கள். மால்டாவிலும் அயர்லாந்திலும் சில பள்ளிகள், ஆங்கில வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கென்றே ஒரு வாரம், இரண்டு வாரம் வகுப்புகள் வைத்திருக்கின்றன. எராஸ்மஸ் திட்டத்தின் உதவித்தொகையில் ஐரோப்பிய நாடுகளின் ஆசிரியர்கள் அங்கே வருகிறார்கள். அந்தத் தொகை நமக்குக் கிடைக்காது, கைப்பணம்தான். ஆனால் கூட உட்காருபவர் போலந்திலோ ஸ்பெயினிலோ வேதியியல் நடத்துபவராக இருப்பார். தாய்மொழி வேறாக இருந்தும் ஆங்கிலத்தில் நடத்தியாக வேண்டிய உங்கள் அவஸ்தைதான் அவருக்கும். இரண்டு வாரம் அவரோடு இருப்பது, நான்கு வாரம் காபிக்கடை வசனம் படிப்பதைவிட மேல்.

சென்னை, ஐதராபாத்

ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தைப் பலரும் கேட்கிறார்கள். 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. வெளிநாட்டவர்கள் அங்கே வந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டு போகிறார்கள். நாம் அதற்காக மால்டாவுக்கு விமானம் ஏறுகிறோம்! ஆனால் அங்குள்ள பெயர்பெற்ற பட்டயப் படிப்பு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கானது. விலங்கியல் பேராசிரியர் அதில் சேர்ந்து பயனில்லை. எந்த வகுப்பு யாருக்கு என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

சென்னை என்றால் அண்ணா சாலை பிரிட்டிஷ் கவுன்சில் என்பார்கள். வாராவாரம் கடலூரிலிருந்து போய்வருவது என்றால், போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். வகுப்பைவிடப் பயணம் நீளம். இணைய வகுப்பில் சேர்வதானால் அடுத்த வழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணையத்தில் தனி ஆசிரியர், ஒரு வருடம்

வாரம் இரண்டு மணி, வருடத்துக்கு நாற்பத்தைந்து வாரம்: அதே 90 மணி. மணிக்கு அறுநூறிலிருந்து ஆயிரம் ரூபாய் என்றாலும் ஒரு லட்சத்துக்குள் முடியும். ஒருவருக்கு ஒருவர் என்பதால் பாதி நேரம் நீங்கள் பேசுவீர்கள். நாற்பத்தைந்து மணி நேரம் ஒருவர் உங்களை மட்டும் கேட்கிறார். விடுப்பு வேண்டாம், அனுமதி வேண்டாம்.

தமிழ் தெரியாத ஆசிரியராகப் பாருங்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழுக்குத் தாவும் வழி அடைபட வேண்டும். அவர் வைத்திருக்கும் பாடப் புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நாளைக்கு நடத்தப்போகும் பாடத்தையே பத்து நிமிடம் அவருக்கு நடத்துங்கள். அவர் வணிகவியல் தெரியாதவராக இருப்பதுதான் நல்லது. தேய்மானம் என்றால் என்ன, இயந்திரத்தின் விலையை ஏன் ஒரே ஆண்டில் கழிக்கக் கூடாது என்று அப்பாவியாகக் கேட்பார். கருத்தரங்கில் பின் வரிசைக்காரர் கேட்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை.

இந்த வழியின் நோய் ஒன்றுதான்: மூன்றாம் மாதம் நின்றுபோகும். உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஆய்வுக் குழு, வீட்டில் கல்யாணம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மின்சாரம் போனதால் நின்ற வகுப்பை, மின்சாரம் வந்த பிறகும் தொடங்காதவர்கள் எனக்குத் தெரியும். நானே ஒரு காலத்தில் பிரெஞ்சு கற்கச் சேர்ந்து அப்படி நின்றவன்தான். மூன்று மாதப் பணத்தை முன்பே கட்டிவிடுங்கள், அந்த உறுத்தல் இழுத்துக்கொண்டு போகும்.

மஞ்சக்குப்பத்துச் சனிக்கிழமை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் வீட்டு மாடியில் ஆறு பேர் கூடுகிறோம். ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டாக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கு இருபது நிமிடம் கிடைக்கும். செலவு தேநீரும் வடையும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒரே பிழையைச் செய்பவர்கள் என்பதால் யாருக்கும் அது கேட்காது. 'டிட்டர்மைன்' ஆறு காதுகளையும் தாண்டி அமைதியாகப் போய்விடும். நான் இருந்தால் பிடிப்பேன், நான் எல்லா வாரமும் போவதில்லை. துறைத் தலைவர் பேசும்போது கௌரவ விரிவுரையாளர் திருத்த மாட்டார். திருத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வடை வந்ததும் பேச்சு தமிழுக்கு மாறி ஊதியக் குழுவில் போய் நிற்கும். எழுத்தைத் திருத்துவதற்கு மட்டும் இந்தக் கூட்டம் அருமை. ஒருவர் கட்டுரையை ஐந்து பேர் படித்தால் ஏதாவது ஒரு கண்ணில் பிழை மாட்டும்.

ஆரோவிலுக்குப் போய் வெளிநாட்டவரோடு பேசிப் பழகலாமே என்று யாராவது சொல்வார்கள். பேசிப் பார்த்தேன். அந்த ஜெர்மானியர் என்னிடம் தமிழ் பழகிக்கொண்டார்.

கைபேசிச் செயலிகளைப் பற்றி ஒரு வரி: சொல் சேர்க்கலாம், விரிவுரைக்கு உதவாது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| வழி | மொத்த நேரம் | உங்கள் பேச்சைக் கேட்டுத் திருத்தும் நேரம் | செலவு | எதில் பலன் |
|---|---|---|---|---|
| வெளிநாடு, 4 வாரம் | 90 மணி | வகுப்பில் 7.5 மணிக்குள் | 3 முதல் 4.5 லட்சம் | கேட்டல், கூச்சம் விடுதல் |
| தனி ஆசிரியர், 1 வருடம் | 90 மணி | 45 மணி | 1 லட்சத்துக்குள் | விரிவுரை, கேள்வி பதில், உச்சரிப்பு |
| சனிக்கிழமைக் கூட்டம், 40 வாரம் | 80 மணி | 13 மணி, திருத்த ஆள் இருந்தால் | தேநீர், வடை | எழுத்து, துணிச்சல் |

சென்னையையும் ஐதராபாத்தையும் அட்டவணையில் சேர்க்கவில்லை. வகுப்புக்கு வகுப்பு மணிக்கணக்கு மாறும்.

யாருக்கு எது

பி1 படியில், வாக்கியம் அமைப்பதற்கே யோசிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் வெளிநாட்டுக்குப் போவது வீண். முதல் பத்து நாள் தலைவலியில் போய்விடும், காது திறக்கும்போது திரும்பும் விமானம் வந்திருக்கும். அவருக்குத் தனி ஆசிரியர். கௌரவ விரிவுரையாளருக்கும் அதுவே. மே மாதம் சம்பளம் கிடைக்காத ஒருவரை மூன்று லட்சம் கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கட்டுரை திரும்பி வந்துகொண்டே இருக்கிறது என்பவர் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரட்டும்.

பி2-வில் வருடக்கணக்காக நின்றுவிட்டவர், இலக்கணம் தெரிந்தும் வாய் திறக்காதவர், வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வுக்கோ கூட்டு ஆராய்ச்சிக்கோ போகப்போகிறவர், நிரந்தரப் பணியும் கையில் சேமிப்பும் உள்ளவர்: இவர்கள் போகலாம். அதற்கு முந்தைய ஆறு மாதம் தனி ஆசிரியரிடம் ஐம்பது மணி நேரமாவது பேசிவிட்டுப் போக வேண்டும். அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

வணிகவியல் மேடம் அன்று விளம்பரத்தை மூடிவிட்டுத் தன் பாடப் பதிவைக் கொண்டுவந்தார். நிறுவனக் கணக்கியல், நாற்பது நிமிடம். பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒரு மாணவி ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறாள். மேடம் அதற்குத் தமிழில் பதில் சொல்கிறார், அழகாக, முழுமையாக. மாணவி விடாமல் மறுபடியும் ஆங்கிலத்திலேயே கேட்கிறாள், மறுபடியும் தமிழில் பதில். மேடத்துக்கு இடறும் இடம் அதுதான். இப்போது செவ்வாய், வியாழன் இரவு எட்டு மணிக்குப் புனேயில் உள்ள ஓர் ஆசிரியையோடு பேசுகிறார். மால்டாவுக்கான அனுமதி மனுவை அடுத்த டிசம்பரில் கொடுப்பதா என்பதை அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.